தானே கட்டினால்தான் தூக்கம் வரும்

மனிதர்களில் 'தானே செய்கிறவர்' என்று ஓர் இனம் உண்டு. புது நாற்காலி வாங்கினால் நான்கு காலையும் கழற்றி, மறுபடி தன் கையால் முடுக்கிய பிறகே உட்காருவார். அடுத்தவர் பூட்டிய கதவைத் திறந்து, தானே ஒருமுறை பூட்டுவார். இந்த இனத்தில் நன்றாக முற்றிய வகை கணினி அறைகளில் விளைகிறது. பார்க்க வேண்டுமா? ரொட்டித் தொழிற்சாலையின் பின்கட்டுக்கு வாருங்கள்.

அங்கே பீரோ உயரத்தில் கறுப்பாக நிற்கிறதே, அதுதான் கணினி. மேசைக் கணினிக்குப் பெரியப்பா, ராட்சதக் கணினிக்குத் தம்பி. எந்த வண்டி எந்தக் கடைக்கு எத்தனை ரொட்டி கொண்டுபோக வேண்டும் என்று மாலைதோறும் பட்டியல் போடுவது அதன் வேலை. இன்று கோப்புகளைச் சேமிக்கும் அதன் வட்டு கழுத்துவரை நிறைந்து மூச்சுத் திணறுகிறது. பட்டியல் வராவிட்டால் நாளைக் காலை ஊருக்கு ரொட்டி இல்லை.

பழைய கோப்புகளைச் சுருக்கினால் இடம் கிடைக்கும். சுருக்கவும் விரிக்கவும் செய்யும் நிரல் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், கணினியை விற்றவர்களே போட்டுக் கொடுத்தது, உள்ளேயே இருக்கிறது. ஒரே கட்டளை. முடிந்தது வேலை.

முடிய விடுவாரா கணினியைப் பார்த்துக்கொள்ளும் நம்மவர்?

"அத யாரு கட்டுனதோ, எப்படிக் கட்டுனதோ! மூல நிரல எடுத்து நானே கம்பைல் பண்ணி, புதுசாக் கட்டிக்கிறேன்க்கா."

அக்கா வண்டி அனுப்பும் பிரிவின் தலைவி. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள். "என் தம்பி ரெடிமேடத் தொடமாட்டான்" என்று ஓட்டுநர்களிடம் சொல்லும்போது அவள் கழுத்து ஒரு விரற்கடை உயரும்.

மூல நிரல் வந்து இறங்கியது. அதுவும் சுருக்கப்பட்டே வந்தது. அதை விரிக்க அந்த லைப்ரரியேதான் வேண்டும்.

"சாவியப் பெட்டிக்குள்ள வச்சே பூட்டிட்டாங்களாடா?"

"அதேதான்."

"அப்ப அந்த ரெடிமேட வச்சுத் தொற."

பகையாளி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர் முகத்தோடு, "விரிக்க மட்டும்தான்!" என்று சொல்லிவிட்டு விரித்தான். கம்பைல் தொடங்கியது. திரையில் வரிகள் கொட்டின.

"என்னடா இது?"

"எச்சரிக்கைக்கா. பயப்படாத. பிழைன்னாதான் பயப்படணும்."

அடுத்த வரி பிழை.

"இப்ப?"

"இப்ப பயப்படலாம்."

திருத்தினான், கட்டினான், உடைந்தது. மறுபடி திருத்தினான், கட்டினான், வேறு இடத்தில் உடைந்தது. உடைந்த ஒவ்வொன்றையும், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று, தனித்தனி இடத்தில் பத்திரப்படுத்தினான். கடைசியில் அருமையாக ஒன்று தயாரானது. அதை நிறுவ வட்டில் இடமில்லை.

மேலாளர் உள்ளே வந்தார். திரையை எட்டிப் பார்த்தார். "என்னப்பா, வட்டுல பாதி உன் பேர்லயே இருக்கு?"

போன மாதம் கட்டி உடைந்தது, அதற்கு முன்பு கட்டி உடைந்தது, எல்லாம் அதே லைப்ரரி. எல்லாம் பத்திரமாக இருந்தன.

"அழி. இப்பவே."

கண் கலங்கிக்கொண்டே அழித்தான். வட்டு காலி மைதானம் ஆனது. அச்சுப்பொறி பட்டியலைக் கக்கத் தொடங்கியது.

"பாத்தியாக்கா? நம்ம லைப்ரரி எவ்வளவு இடம் மிச்சம் பண்ணிக் குடுத்துச்சு!"

"எனக்குத் தெரியாதாடா உன்ன!" அக்காவின் கழுத்து இந்த முறை இரண்டு விரற்கடை உயர்ந்தது. பட்டியலை வாசலில் ஓட்டுநர்களிடம் கொடுத்துவிட்டு உள்ளே கணக்கை முடித்துத் திரும்பினாள். வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன.

"பட்டியல்படி ரொட்டித் தட்டெல்லாம் ஏத்தியாச்சுக்கா. கிளம்பட்டா?" என்றார் ஓட்டுநர்.

"யாரு அடுக்குனது?"

"நாங்கதான்."

அக்கா சேலையை இழுத்துச் செருகினாள். "எல்லாத்தையும் இறக்குங்க. நானே அடுக்குறேன்."

நாளைக் காலை ஊருக்கு ரொட்டி தாமதமாக வரும். அதற்காக அக்காவையும் தம்பியையும் பார்த்துச் சிரிக்கிறீர்கள், சரி. நேற்று வேறொருவர் கழுவி வைத்த தட்டை எடுத்து, அவர் பார்க்காத நேரத்தில், மறுபடி கழுவினீர்களே, அது யாருக்கும் தெரியாது என்றா நினைத்தீர்கள்?