ஒத்தப்பனைப்பட்டியின் பச்சைப் புரட்சி

நிறம் இல்லாத எதுவும் வரலாற்றில் நின்றதில்லை என்னும் பேருண்மை, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு, கோவில்பட்டிக்கு வடக்கே உள்ள ஒத்தப்பனைப்பட்டியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உலகம் அந்நேரம் வேறு வேலையாக இருந்துவிட்டது. ஆகவே நேரில் கேட்டவர்கள் நாற்பத்திரண்டு பேர்.

அறிவித்தவர் கண்ணபிரான் சார்வாள். கோவில்பட்டி டுட்டோரியல் ஒன்றில் வரலாறு நடத்துபவர். பத்தாம் வகுப்பில் இருமுறை தவறியவர்களுக்குப் பிரெஞ்சுப் புரட்சியை மூன்றாம் முறையாக விளங்கவைக்கும் அரும்பணியில் பதினெட்டு ஆண்டுகளைக் கழித்தவர். கூட்டம் நடந்த இடம் பால் சொசைட்டிக் கட்டடம். வெண்மைப் புரட்சியின்போது கட்டியது. பால் இப்போது அங்கே வருவதில்லை. பெருமாள்சாமியின் ஆடுகள்தான் வந்து படுத்துக்கொள்ளும். அன்று வரலாற்றை முன்னிட்டு அவற்றை வெளியே ஓட்டியிருந்தார்கள்.

"செம்படை," என்று ஆரம்பித்தார் கண்ணபிரான். "கருஞ்சட்டை. வெள்ளையனே வெளியேறு. நீலப் புரட்சி. போன வருசத்துக்கு முந்தின வருசம் உக்ரைன் நாட்டுல ஆரஞ்சுப் புரட்சி. எல்லாத்துலயும் என்ன இருக்கு?"

"சண்ட," என்றான் பெருமாள்சாமி.

"கலர் இருக்கு."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முத்துசெல்விக்கு உக்ரைன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஏழரை மணி பஸ் எங்கே போனது என்பதும் தெரியாது. இரண்டில் இரண்டாவதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. அவளோடு சேர்த்து அந்த ஊரிலிருந்து பதினொரு பெண்கள் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறார்கள். எட்டேகாலுக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஊருக்குள் வந்துகொண்டிருந்த ஏழரை பஸ், பொங்கலுக்கு மறுநாளிலிருந்து வரவில்லை. மெயின் ரோட்டு விலக்கு வரை ஐந்து கிலோமீட்டர் நடந்து, அங்கே நிற்காமல் போகும் பஸ்களுக்குக் கைகாட்டி, நிற்கிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் கேட் சாத்தியிருக்கும். முத்துசெல்விக்கு அப்படி மூன்று நாள் ஆகிவிட்டது. போர்மேன் கொம்பையா தெளிவாகவே சொல்லியிருந்தார்: "இன்னும் ஒரு நாள் பிந்துனா ஒன் எடத்துல வேற ஆளு உக்காரும். வியாழக்கெழம லீவு தாரேன், டிப்போவுல போயி கேளு. பஸ்ஸோட வா, இல்லாட்டி வராத."

அதனால் அவள் எழுந்து கேட்டாள்: "சார்வாள், கலரு கெடக்கட்டும். நேரா டிப்போவுக்குப் போயி வாசல்ல உக்காந்தா என்ன?"

கண்ணபிரான் அவளைப் பரிவோடு பார்த்தார். "உக்காரலாம் முத்துசெல்வி. பேப்பர்ல என்னன்னு போடுவான்? 'பெண்கள் மறியல்'னு நாலு வரி போடுவான். பச்சைப் புரட்சின்னா?"

பச்சை என்று அவர் சொன்னபோது கூட்டம் இன்னும் நிறத்தைத் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. ஜனநாயக முறைப்படி அதற்கான விவாதம் அதற்குப் பிறகே தொடங்கியது.

"செவப்பு வேண்டாம்," என்றான் பெருமாள்சாமி. "ஒரு தடவ செவப்புத் துண்டு போட்டுட்டுச் சந்தைக்குப் போனேன். கூப்பிட்டு உண்டியலக் கையில குடுத்து குலுக்கச் சொல்லிட்டாவ. ஆடு விக்கலை."

கறுப்பு, கரிசலில் நடந்தால் ஆள் இருப்பதே தெரியாது என்று தள்ளப்பட்டது. வெள்ளையை வள்ளித்தாய் மறுத்தாள். அவள் முத்துசெல்வியின் பக்கத்துப் பலகையில் குச்சி அடுக்குகிறவள். "வெள்ளையும் சள்ளையுமா நாப்பது பேரு போனா யாரு செத்தான்னுல்லா கேப்பாவ." நீலத்தை ஏற்கெனவே மீனுக்குக் கொடுத்தாயிற்று. மஞ்சளை எண்ணெய் வித்துக்குக் கொடுத்தாயிற்று. ரோஸ் என்றதும் பதினொரு பெண்களும் சேர்ந்து முகத்தைச் சுளித்தார்கள். தீக்குச்சி மருந்து நிறம் அது; பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தது.

"ஆரஞ்சு?" என்றது ஒரு குரல்.

"ஆசுபத்திரிக்குப் போனாத்தான் நம்ம ஊர்க்காரன் ஆரஞ்சப் பாக்கான்," என்றாள் வள்ளித்தாய். "வேண்டாம், நல்ல காரியத்துக்குப் போவுதோம்."

மிச்சம் பச்சை. நெல்லுக்குக் கொடுத்தது பசுமைதான், பச்சை இல்லை என்றார் கண்ணபிரான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. உடனே கண்ணபிரான் கட்டடத்தின் மூலையிலிருந்த சாக்கை அவிழ்த்தார். உள்ளே நாற்பத்திரண்டு பேருக்கும் பச்சைச் சேலை, பச்சை வேட்டி. முந்தின நாளே கோவில்பட்டி ஜவுளிக்கடையில் வாங்கியிருந்தார். அந்தக் கடையில் அந்த வாரம் பச்சை மலைபோல் குவிந்து கிடந்தது. ஏன் குவிந்து கிடக்கிறது என்று அவர் கேட்கவில்லை. வரலாற்று அறிஞர்கள் காரணங்களைப் பிற்பாடுதான் ஆராய்வார்கள்.

முத்துசெல்வி சேலையை விரித்துப் பார்த்தாள். "சார்வாள், பூசத்துக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் கெடக்கு. திருச்செந்தூருக்கு நடக்குறவிய எல்லாம் இதத்தான் கட்டிட்டு நடக்காவ."

"உக்ரைன்ல ஜனங்க ஆரஞ்சுத் துணியக் கட்டிட்டு நின்னாங்களே, யாராச்சும் பழ வியாபாரின்னு நெனச்சானா?"

முத்துசெல்வி சேலையை மடித்து எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் புரட்சி புறப்பட்டது. கண்ணபிரான் முன்னால். கையில் மனு. "ஓடாத பஸ்ஸை" என்று அவர் சொல்ல, "ஓட்டு, ஓட்டு" என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. விலக்கைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் எதிரே ஒரு லாரி ஓரங்கட்டி நின்றது. டிரைவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணபிரானின் காலில் விழுந்தார்.

"எந்திரிங்க தோழர்," என்றார் கண்ணபிரான், நெகிழ்ந்து.

"திருநீறு பூசி விடுங்க சாமி. வண்டி ரெண்டு நாளா மக்கர் பண்ணுது."

அடுத்த கிலோமீட்டரில் ஒரு பந்தல். மோர் கொடுத்தார்கள். அதற்கடுத்த பந்தலில் சுண்டல். கண்ணபிரான் "ஓடாத பஸ்ஸை" என்று முழங்கினார். பந்தலில் இருந்தவர்கள் கையைத் தலைக்கு மேலே கூப்பி "அரோகரா" என்றார்கள். இரண்டு முறை இப்படி நடந்தது. மூன்றாம் முறை நமது போராளிகளே அரோகரா என்றுவிட்டார்கள். அது நடைக்கு வாகாக இருந்தது.

"மக்கள் ஆதரவு பெருகுது," என்றார் கண்ணபிரான்.

"சுண்டலும் பெருகுது," என்றான் பெருமாள்சாமி, மடியைக் காட்டி.

வழியில் ஒரு போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். தடியடி என்று எதிர்பார்த்துக் கண்ணபிரான் மார்பை விரித்து நின்றார். போலீஸ்காரர் எதிரே வந்த வாகனங்களை எல்லாம் நிறுத்தி, "சாமிமாரு மொதல்ல போட்டும்" என்று வழிவிட்டார்.

டிப்போ வாசலில் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடத்தில் மேனேஜரே வெளியே வந்தார். செண்பகராஜ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. பஸ் நின்றதிலிருந்து இந்தப் பெண்கள் வந்தபோதெல்லாம் 'மீட்டிங்'கில் இருந்தவர் அவர்தான். இப்போது கைகூப்பிக்கொண்டு வந்தார்.

கண்ணபிரான் மனுவை நீட்டினார். செண்பகராஜ் அதை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆபீசுக்குள் போய் முருகன் படத்தடியில் வைத்து, ஒரு பத்தியும் கொளுத்திவிட்டு வந்தார்.

"சார், அது மனு," என்றாள் முத்துசெல்வி. "படிக்கணும்."

"சாமி குடுத்ததப் படிக்கப்படாது. வைக்கணும்." அவர் மூங்கில் தட்டியில் ஒட்டியிருந்த நோட்டீசைக் காட்டினார். "ஒரு கொறையும் வராது சாமி. கிராமத்து டவுன் பஸ் அஞ்ச நிறுத்தி, அவ்வளவையும் சாமிமாருக்கு ஸ்பெஷலா விட்டிருக்கோம்."

ஏழரை பஸ் எங்கே போனது என்பது முத்துசெல்விக்கு அப்போது தெரிந்தது.

"இதத்தான்யா எதிர்த்து..." என்று கண்ணபிரான் எழுந்தார். முத்துசெல்வி அவர் காலை மிதித்தாள். மிதித்த காலை எடுக்காமலே கேட்டாள்: "சாமிமாரு எங்கன இருந்தாலும் பஸ் வருமா சார்?"

"என்ன சாமி இப்படிக் கேட்டுட்டிய. எந்த ஊரு?"

"ஒத்தப்பனைப்பட்டி. பதினொரு பேரு பச்சை கட்டியிருக்கோம். தெனமும் காலையில ஏழரைக்குப் பொறப்பட்டு கதிரேசன் கோயிலுக்கு வந்து முருகனக் கும்புடணும்னு நேர்த்தி."

தீப்பெட்டி ஆபீஸ் அந்தக் கோயிலுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

"எத்தன நாளைக்கு?"

முத்துசெல்வி யோசித்தாள். கொம்பையா ஞாபகத்துக்கு வந்தார்.

"நேர்த்தி நெறவேறுற வரைக்கும்."

"என்ன நேர்த்தி சாமி?"

"அதச் சாமிகிட்டத்தான் சொல்லணும்."

செண்பகராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்று ஆர்டர் எழுதினார். 'புனிதப் பயணிகளின் நலன் கருதி மறு உத்தரவு வரும்வரை' என்று அதில் இருந்தது.

"வரலாற்றுத் துரோகம்," என்றார் கண்ணபிரான், திரும்பி வருகிற பஸ்ஸில்.

"சன்னலச் சாத்துங்க சார்வாள், தூசி அடிக்குது," என்றாள் வள்ளித்தாய்.

மறுநாள் ஏழரைக்கு பஸ் வந்தது. பதினொரு பெண்கள் பச்சையில் ஏறினார்கள். எட்டு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் கேட்டில் இறங்கினார்கள். கொம்பையாவும் "வாங்க சாமி" என்று கேட்டை அகலத் திறந்துவிட்டார். இந்த மகத்தான வெற்றியைக் கண்ட கண்ணபிரான் மனம் மாறி, 'பச்சைப் புரட்சி: ஓர் ஆய்வு' என்ற பதினாறு பக்க நூலை எழுதி அச்சிட்டார். உழைக்கும் பெண்களின் குரலுக்கு அரசு இயந்திரம் செவிசாய்த்த வரலாற்றுத் தருணம் என்று அதில் ஏழு இடங்களில் குறிப்பிட்டிருக்கிறார். டுட்டோரியலில் அது ஐந்து மதிப்பெண் வினாவாகவும் கேட்கப்பட்டது. இரண்டு பேர் சரியாக எழுதினார்கள்.

பூசம் முடிந்தது. நேர்த்தி நிறைவேறாததால் பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

மாசிக் கடைசியில் ஒரு ராத்திரி யாரும் எதிர்பாராத மழை பெய்தது. கொடியில் கிடந்த முத்துசெல்வியின் பச்சைச் சேலை சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. காலையில் அவள் பழைய ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். பத்துப் பேர் ஏறினார்கள். படியில் நின்ற கண்டக்டர் அவளுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"நீங்க சாமியாம்மா?"

"நேத்தும் நாந்தான அண்ணாச்சி ஏறுனேன். வேலைக்குப் போறேன்."

"வேலைக்குப் போறவியளுக்கு இங்கன ஸ்டாப்பிங் கெடையாதும்மா," என்றார் கண்டக்டர். விசில் ஊதினார்.

முத்துசெல்வி கரிசல் சேற்றில் விலக்கு வரை நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது.