பதினெட்டுப் பல் போதும், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் மாமியார், என் முழங்கால்கள் இரண்டும் நலம். அங்கே நீங்களும் மகளும் குழந்தையும் கடையும் நலமா?

"சைக்கிள் கடைக்காரனுக்கு என் பொண்ணா?" என்று கத்திவிட்டுக் கல்யாணத்துக்குக்கூட வராதவன் நான். நாலு வருஷமாக உங்கள் வாசலை மிதிக்காத ஆளுக்கு, சர்க்கரை ஏறிவிட்டது என்று கேட்டதும் உங்கள் கையாலேயே ஒரு சைக்கிள் கோத்து அனுப்பினீர்களே, அந்த மனசு யாருக்கு வரும்! வண்டியில் கட்டியிருந்த சீட்டையும் படித்தேன். "மாமா, இது ஃபிக்ஸட் கியர். சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். முன்னாடி பல்சக்கரத்துல நாப்பத்துநாலு பல், பின்னாடி பதினெட்டு. பாலம் ஏற இதுதான் சரி. மாத்தாதீங்க." மாற்றினேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு மாப்பிள்ளை கியர் சொல்வதா என்று வேறு கடையில் நாற்பத்தெட்டுக்குப் பதினாலு போட்டுக்கொண்டு கிளம்பினால், சமதரையில் பறந்த வண்டி பாலத்தின் பாதியில் அசையமாட்டேன் என்றது, அந்த நேரம் பார்த்து என் பழைய பஸ் பக்கத்தில் வர, கண்டக்டர் தலையை நீட்டி, "அண்ணே, முன்னாடி போறீங்களா, பின்னாடி போறீங்களா?" என்று கேட்டு மானத்தை வாங்கினான், சரி போ என்று திருப்பி இறக்கத்தில் விட்டேன், இறக்கம் வந்தால் நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடித்தே பழகிய கால், அது பாட்டுக்கு மிதிப்பதை நிறுத்தியது, பெடல் நிறுத்தவில்லை, ஒரே தூக்கு, மெத்தைக்கடை வாசலில் போய் விழுந்தேன். நல்லவேளை, மெத்தைமேல். கடைக்காரர், "எந்த சைஸ் வேணும்?" என்றார்.

செய்தி எப்படியோ உங்களுக்கு எட்டி, மறுநாளே நாற்பத்துநாலையும் பதினெட்டையும் காகிதத்தில் சுற்றி உங்கள் மாமியார் கையில் கொடுத்தனுப்பினீர்கள். "அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு வரி இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரொம்ப நன்றி மாப்பிள்ளை. சர்க்கரை இறங்கிவிட்டது; டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தக் கியர் இன்னும் கொஞ்சம் பழகவேண்டும். பாலம் முழுசாக ஏறிய அன்றே குழந்தையைப் பார்க்க வருகிறேன். தாமதத்துக்குக் காரணம் கியர்தான், வேறொன்றுமில்லை.

மூன்று பேரும் பஞ்சர் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உங்கள் மாமியார் இதைப் படித்துவிட்டு, "பொய்யைத் தபால்ல போட என்னை அனுப்பாதீங்க" என்கிறாள். சொல்லிவிடுகிறேன். பதினெட்டுப் பல் போட்ட அன்றே பாலம் ஏறிவிட்டேன். தினமும் ஏறுகிறேன். உச்சியிலிருந்து உங்கள் கடைப் பலகை தெரிகிறது. எந்த முகத்தோடு வருவது என்று திரும்பிவிடுகிறேன். கியர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் இறங்குகிறேன். வாசலில் மணி அடித்தால் வெளியே வாருங்கள். வண்டியில் மணியே இல்லை என்று இவள் நினைவுபடுத்துகிறாள். சரி, இருமுகிறேன்.