மூன்று பேட்டைகளும் ஒரு ஜன்னலும்

"தம்பி, அந்த ரூம் ஜன்னலைத் திறந்து, வெளிய என்ன தெரியுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார் ஸ்கேல் சார் போனில்.

மறுமுனையில் லாட்ஜ் பையன் திறந்த ஜன்னல் கிறீச்சிட்டது. "எதிர்வீட்டு மொட்டைமாடி தெரியுது சார். துணி காயுது."

"கடல்?"

"துணியை எடுத்தாங்கன்னா தெரியும் சார்."

ஸ்கேல் சார் நில அளவை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். அங்கே வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. ஊரில் உள்ள சந்து பொந்தெல்லாம் அவர் கையால் காகிதத்தில் ஏறியவை. அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு அறை எந்தத் தெருவில் இருந்தது என்று பிடிபடவில்லை.

மனைவிக்கு அடுத்த மாதம் முழங்கால் அறுவை சிகிச்சை. அதற்கப்புறம் படி ஏறுவதையே மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள், கல்யாணமான புதிதில் போன அந்தப் பழைய துறைமுக ஊருக்கு ஒரு தடவை கூட்டிப்போய், அதே அறையில், அதே ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. விடுதியின் பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது; கேட்டால் தனக்கும் ஞாபகமில்லை என்றாள் அவள்.

"சுவத்துல கலங்கரை விளக்கு வெளிச்சம் சுத்திச் சுத்தி வரும்" என்றாள் மனைவி, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே.

"வருமே. நான் மறப்பேனா?" என்று அந்த ஊரின் கலங்கரை விளக்குப் பேட்டையில் ஓர் அறையைப் பதிவு செய்தார்.

மறுநாள், "படகுச் சத்தத்துலதான் முழிப்பே வரும்" என்றாள்.

"ஆமாமா, டபடபடபன்னு. இன்னும் காதுல கேக்குது." முதல் அறை இருந்தபடி இருக்கட்டும் என்று, படகுத்துறைப் பேட்டையிலும் ஒன்றைச் சொல்லி வைத்தார்.

அதற்கும் மறுநாள், "ஜன்னல் வழியா கைய நீட்டினா கோட்டைச் சுவர் எட்டும்" என்றாள்.

கோட்டைப் பேட்டையிலும் ஓர் அறை ஏற்பாடாயிற்று. ஆள் இரண்டு, அறை மூன்று.

"எந்தத் தெருன்னு நீயாவது சொல்லேன்மா."

"தெருப் பேரெல்லாம் யாருக்குங்க ஞாபகம்? எங்க தங்கினாலும் எனக்குச் சரிதான்."

இப்படிச் சொல்லுகிற மனைவியை வைத்துக்கொண்டு எந்த மனுஷன்தான் ஒரு முடிவுக்கு வரமுடியும்? பரணிலிருந்து பழைய ஆல்பத்தை இறக்கினார். ஏழெட்டுப் படங்கள். எல்லாவற்றிலும் அவள்தான். ஜன்னலோரம், காற்றில் பறக்கிற முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படி இவள் சிரித்து எத்தனை வருடமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே படத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"எப்படிச் சிரிக்கிற பாரு. நான்தான் ஒண்ணுலகூட இல்ல. படம் எடுக்கறவன் படத்துல எப்படி இருப்பான்?"

மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வினை அன்று சாயங்காலம் வந்தது. படகுத்துறை விடுதிக்காரர் கூப்பிட்டார்.

"சார், கலங்கரை விளக்குப் பேட்டையில லாட்ஜ் வச்சிருக்கிறது என் சகலைதான். அங்கயும் உங்க பேரு, அதே தேதி. மொத்தம் எத்தனை பேர் வர்றீங்க?"

"ரெண்டு பேர்தான். ஜன்னல்தான் இன்னும் முடிவாகல."

விடுதிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்ல ஏதாவது மனஸ்தாபம்னா மறைக்காதீங்க சார். அம்மா இங்க இருக்கட்டும், நீங்க அங்க இருங்க. நாங்க சகலைங்க ரெண்டு பேரும் நடுவுல நின்னு பேசி முடிச்சுடறோம்."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ஒண்ணை ரத்து பண்ணிடுங்க."

எதை என்று அவர் சொல்லவில்லை. சகலைகள் இருவருமே பெருந்தன்மைக்காரர்கள். ஆளுக்கொன்றாக இரண்டையும் ரத்து செய்துவிட்டார்கள்.

மிஞ்சியது கோட்டைப் பேட்டை. அதையாவது சரிபார்த்துவிடுவோம் என்று ஸ்கேல் சார் போன் போட்டார்.

"ஜன்னல் வழியா கைய நீட்டுங்க. சுவர் எட்டுதா?"

"எட்டல சார்."

"இன்னும் கொஞ்சம் எக்கி..."

தூரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

"சார், என் கைக்கடிகாரம் கீழ விழுந்துடுச்சு. மாமனார் போட்டது. நீங்க வேற இடம் பார்த்துக்குங்க" என்று போனை வைத்துவிட்டார் அந்த மனிதர்.

புறப்படுகிற நாளும் வந்தது. பெட்டி கட்டியாயிற்று, டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிறது, தங்கத்தான் இடமில்லை. ஸ்கேல் சார் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"உன்னை அந்த ஜன்னல்ல ஒரு தடவை உட்கார வைக்க எனக்குத் துப்பில்லாம போச்சேம்மா."

"அதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போடறீங்க? கடல் எங்கயும் போயிடாது. மணல்ல உட்கார்ந்துட்டு வருவோம்."

ஸ்டேஷனில் கொண்டுவிட மனைவியின் தம்பி காரோடு வந்தான். அத்தான் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டவன் சிரித்துவிட்டான்.

"மூணு பேட்டையும் இல்ல அத்தான். மூணும் சேர்ற முக்குல ஒரு சந்து, அதுல ஒரு டீச்சரம்மா வீட்டு மாடி. அது லாட்ஜே இல்ல. அங்கதான் வெளிச்சம், படகு, சுவர் எல்லாம் ஒண்ணா வரும். இப்ப அவங்க பொண்ணு வாடகைக்கு விடுது. இருங்க, பேசிடறேன்."

ஐந்தே நிமிடத்தில் பேசி, அறையை முடித்தும்விட்டான். ஸ்கேல் சாருக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிரோடு ஒரு சந்தேகமும் வந்தது.

"நாங்க போனப்ப நீ பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தவன். உனக்கு எப்படிடா இவ்வளவு தெரியும்?"

"நேரமாச்சு. பேசாம பெட்டியை எடுடா" என்றாள் மனைவி, தம்பியைப் பார்த்து அவசரமாகக் கண்ணைக் காட்டி.

அவன் அதைக் கவனிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னான்: "அக்காகூட அந்த மாடியில ஒரு வாரம் தங்கினது நானும் அம்மாவும்தானே அத்தான், உங்களுக்குத்தான் அந்த வருஷம் லீவே கிடைக்கலையே?"