ஐம்பத்திரண்டு பேருக்கு முப்பத்தேழு தலைவர்கள்

குழு போடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால், எந்தக் குழுவிலும் உங்கள் பெயரை அவர் இன்னும் சேர்க்கவில்லை என்றுதான் அர்த்தம், பொறுத்திருங்கள். மேசைமேல் காப்பி கொட்டிவிட்டால் நீங்களும் நானும் துணியைத் தேடுவோம். அவர் துடைக்கத் தகுதியான மூன்று பேரைத் தேடுவார். அந்த மூவரைப் பார்த்து யாருக்கும் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாதே என்று நாலாவது ஆளைச் சேர்ப்பார். நாலு பேரில் யார் தலைவர் என்று முடிவாவதற்குள் காப்பி தானாகக் காய்ந்துவிடும். காய்ந்ததைக் குழுவின் முதல் வெற்றியாக எழுதிக்கொள்வார்.

இந்த இனம் சங்கங்களிலும் மன்றங்களிலும் வாழும். ஆனால் கொழுகொழுவென்று வளர்வது தேவாலயங்களில்தான். அங்கே யாரையும் வேலையை விட்டு நீக்க முடியாது, எல்லாரும் சகோதரர்கள். இதைவிட நல்ல தீனி வேறென்ன வேண்டும்?

சாமுவேல் விஸ்வலிங்கம் இந்த இனத்தில் முதல் தரம். சிங்கப்பூரில் ஆற்றோரத்து அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நின்ற சின்னத் தமிழ்ச் சபை ஒன்றில், அந்த இருபத்திரண்டு வருஷமும் கூட்டக் குறிப்பு எழுதியவர் அவர்தான். அவருடைய குறிப்புகளைப் படித்தால் அந்தச் சபையில் எவ்வளவு பேசப்பட்டது என்று தெரியும். எவ்வளவு நடந்தது என்று தெரிய வேண்டுமானால் அவருடைய மனைவி பூரணத்தைக் கேட்க வேண்டும்.

ஐம்பத்தேழாம் வருஷம் அக்டோபரில் போதகர் ஏசுவடியான் இரண்டு மாதத்துக்கு மலாக்காவுக்குப் போக வேண்டி வந்தது. அங்கே ஒரு சபை போதகர் இல்லாமல் தவித்தது. புறப்படுகிற அன்று அவர் விஸ்வலிங்கத்தைக் கூப்பிட்டு, தான் வரும்வரை சபையைப் பார்த்துக்கொள்ள ஒரு தலைமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். "நாலு பேர் போதும் ஐயா. வேலை செய்யக்கூடிய நாலு பேர்" என்றார்.

விஸ்வலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் இன்னொருவர் போட்ட குழுவுக்குக் குறிப்பு எழுதியவருக்கு, தானே ஒரு குழுவைப் போடும் காலம் கனிந்திருந்தது. போதகர் திரும்பி வந்து பார்த்து மெச்சினால், நிரந்தரத் தலைவர் பதவியும் தானாக வரும். பூரணத்திடம் கூட அவர் இதைச் சொல்லவில்லை. பூரணத்துக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அன்றைக்கே நாலு பெயர் எழுதினார். யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர், தமிழ்நாட்டார் இரண்டு பேர். தராசு நேராக நின்றது. ஆனால் நாலும் ஆண்கள். ஆகவே இரண்டு பெண்களைச் சேர்த்தார். பெண்கள் தலைவர்களாக இருக்கும்போது அவர்களுடைய வீட்டுக்காரர்கள் வெறும் வீட்டுக்காரர்களாக உட்கார்ந்திருந்தால் குடும்ப சமாதானம் என்னாவது? அவர்களும் வந்தார்கள். இப்படி எட்டுப் பேரான பிறகுதான் ஜேம்ஸ் தியாகராசாவின் ஞாபகம் வந்தது.

தியாகராசா இன்னோர் அலுவலகத்துக் கிளார்க். கூட்ட விதிகளைக் கரைத்துக் குடித்தவர். எழுந்தால், கூட்டம் விதிப்படி நடக்கவில்லை என்கிற ஒழுங்குப் பிரச்சினையோடுதான் எழுவார். தன்னைச் சேர்க்காததில் தனக்கு வருத்தமே இல்லை என்று அவர் சொன்னார். பதினோரு பேரிடம் சொன்னார். விஸ்வலிங்கம் அவரைத் துணைத் தலைவராக்கினார். உடனே அந்தப் பதினோரு பேருக்கும், தங்களைச் சேர்க்காததில் அதே மாதிரி 'வருத்தமே இல்லை' என்று ஆயிற்று. அவர்கள் அதைச் சொல்லத் தொடங்குவதற்குள் அவர்களுக்காக உபகுழுக்களைத் திறந்தார். பூ உபகுழு. மின்விசிறி உபகுழு. வாசலில் கழற்றிவிடும் செருப்புகளுக்கு ஓர் உபகுழு. சாவிக்கு ஒன்று. மழைக்காலம் வருகிறதே என்று குடைக்கு ஒன்று, அதில் ஐந்து பேர்.

நவம்பர் முடிவில் ஐம்பத்திரண்டு பேர் கொண்ட சபையில் முப்பத்தேழு தலைவர்கள் இருந்தார்கள். மீதிப் பதினைந்து பேரில் பத்துப் பேர் குழந்தைகள். இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்திருப்பார், நோயாளியைப் பார்க்கும் நேரத்தில் அவருக்கு அலுவலகம். மிச்சம் மூன்று பேர். ஒருவர் பூரணம், அவரிடம் கேட்டபோது அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனவர், அந்தப் பேச்சுக்குத் திரும்பி வரவே இல்லை. இன்னொருவர் செல்லக்கண்ணு, எதிர்த்த இரும்புக் கடையில் கம்பி தூக்குகிறவர், கூட்டம் நடக்கிற நேரமெல்லாம் அவருக்கு வேலை நேரம். மூன்றாவது மங்களம். கூட்டங்களுக்கு வடை சுட்டுக்கொண்டு வருகிற அம்மாள். அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதிலுக்கு வடைக்காசைக் கேட்பார் என்ற பயம்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தலைவர்கள் எல்லாரும் கூடினார்கள். கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருந்தது. காலையிலிருந்து மழை. ஜாலான் புசாரில் மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன நடக்கும் என்று அங்கே குடியிருக்கும் பூனைக்குக் கூடத் தெரியும். கூட்டத்தில் இருந்த முப்பத்தேழு பேருக்கும் தெரியும். ஆனால் நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

மூன்றாவது விஷயத்தை எடுத்தபோது கதவுக்கு அடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. யாரோ அதைச் சுட்டிக்காட்டினார். தியாகராசா எழுந்தார். ஒழுங்குப் பிரச்சினை: தண்ணீரை 'இதர விஷயங்கள்' என்பதில்தான் எடுக்க முடியும், அது பதினான்காவது. சபை ஒப்புக்கொண்டு கால்களை உயர்த்தி பெஞ்சுமேல் வைத்துக்கொண்டது. வாசலிலிருந்து செருப்புகள் மிதந்து உள்ளே வந்தன. செருப்பு உபகுழுவின் தலைவர், நிற்கும் செருப்புகளுக்கு மட்டும்தான் தாம் பொறுப்பா, நீந்தும் செருப்புகளுக்குமா என்று விளக்கம் கேட்டார். விஸ்வலிங்கம் அதைக் குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவருடைய கண் ஆர்மோனியத்தின்மேல் விழுந்தது. காலால் மிதித்து வாசிக்கிற பெரிய ஆர்மோனியம்; கப்பலில் வந்தது; சபைக்கு இருந்த ஒரே ஆஸ்தி. இன்னும் நாலு விரல் ஏறினால் தண்ணீர் அதன் துருத்திக்குள் போய்விடும். பிறகு கிறிஸ்மஸ் கீர்த்தனைக்குத் தியாகராசாவின் குரல்தான் சுதி. விஸ்வலிங்கம் உடனே செயல்பட்டார். அதாவது, ஆர்மோனியத்தைத் தூக்க ஐந்து பேர் கொண்ட அவசர உபகுழுவுக்குப் பெயர்களை முன்மொழியும்படி கேட்டுக்கொண்டார்.

பெயர்கள் தாராளமாக வந்தன. ஆனால் சபை வழக்கப்படி, பெயர் சொல்லப்பட்டவர் தனக்குத் தகுதியில்லை என்று இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாம் தடவைதான் தேவசித்தம் என்று ஏற்க வேண்டும். ஒன்பது பேர் இரண்டாவது மறுப்பில் இருந்தபோது, கணவருக்குக் குடை கொண்டு பூரணம் வந்தார். (குடை உபகுழுவினர் ஐந்து பேரும் நனைந்துதான் வந்திருந்தார்கள்.)

பூரணம் ஒரு தடவை பார்த்தார். திரும்பிப் போய் எதிர்க்கடைச் செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டார். வடைச் சட்டியோடு வந்துகொண்டிருந்த மங்களம் சட்டியைப் படிமேல் வைத்துவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டார். பக்கத்தில் தேத்தண்ணி ஆற்றுகிற சரபத் கடை இப்ராஹீம், சபைக்கே சம்பந்தமில்லாதவர், கூப்பிடாமலே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். வைப்பதற்கு உயரமான இடம் தலைவருடைய மேசை ஒன்றுதான்.

"இஞ்சாருங்கோ, அந்த மேசையை விடுங்கோ" என்றார் பூரணம்.

"பூரணம், தீர்மானம் இன்னும் நிறைவேறேல்லை."

"அவசரமில்லை, நீங்கள் ஆறுதலா நிறைவேற்றுங்கோ. மேசையை மட்டும் தாங்கோ."

விஸ்வலிங்கம் குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். ஆர்மோனியம் மேசையேறியது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டது. அன்றைய குறிப்பின் கடைசி வரி இப்படி இருந்தது: 'ஆர்மோனியம் மேசைமேல் இருப்பது தெரியவந்ததால் தீர்மானம் கைவிடப்பட்டது.'

அடுத்த வாரம் போதகர் வந்தார். நடந்ததை முப்பத்தேழு விதமாகக் கேட்டார். கிறிஸ்மஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை முப்பத்தேழு பேருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறிக் குழுக்களையெல்லாம் கலைத்தார். நன்றி, பிரசங்கத்தைவிட நீளம். புதிய தலைமைக் குழு பூரணம், செல்லக்கண்ணு, மங்களம் என்றார். இப்ராஹீம் சிறப்பு அழைப்பாளர். பூரணம் இருந்த இடத்திலிருந்தே, தனக்குப் பதவி வேண்டாம், வேலை கிடக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மற்ற மூவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விஸ்வலிங்கத்தின் நிலைமையைச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கையில் குறிப்பேடு இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாட்டு நேரத்தில் இரண்டு தடவை காணிக்கைத் தட்டுக்கு நீட்டினார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, "முதலாவதாக" என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார். பூரணம் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். பாவமாகத்தான் இருந்தது.

புதிய குழு நன்றாகத்தான் தொடங்கியது. முதல் வாரம் செல்லக்கண்ணு ஒழுகுகிற கூரையைத் தானே ஏறிச் சரிசெய்தார். இரண்டாம் வாரம் ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டார். கோட்டைப் போட்டுக்கொண்டு கூரையேற முடியுமா? மூன்றாம் வாரம், யார் என்ன சொன்னாலும் "பார்க்கலாம்" என்று தலையாட்டப் பழகியிருந்தார். மங்களம் வடை சுடுவதை நிறுத்தி, வடை சுடக்கூடியவர்களின் பட்டியலைத் தயாரிக்கலானார். இப்ராஹீம் கூட்டம் நடக்கும்போதெல்லாம் கடையை அடைத்தார். தேத்தண்ணி கேட்டு வந்தவர்களிடம், "இன்னைக்கி இல்லலா, நான் அழைப்பாளர்" என்றார்.

ஜனவரிக் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து போதகர் ஒரு வியாதிக்காரரைப் பார்க்கப் போய்விட்டார். மழை கொட்டிக்கொண்டிருந்ததால் பழைய தலைவர்கள் வாசல் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றார்கள். உள்ளே பீடத்துக்குப் பக்கத்தில் புதிய குழு கூடியிருந்தது. பேச்சு, வெள்ளத் தடுப்பைப் பற்றி. வெள்ளம் கதவுக்கடியில் வந்து கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் கண்டவர் விஸ்வலிங்கம். உள்ளே ஓடிப்போய், மறுபடி தரைக்கு இறங்கியிருந்த ஆர்மோனியத்தைக் காட்டினார். செல்லக்கண்ணு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கையை உயர்த்தினார்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. இத முறையாத்தான் செய்யணும். இப்ப அதப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம்."

"நான் சொன்னதையும் எழுதிக்குங்க" என்றார் இப்ராஹீம்.

விஸ்வலிங்கம் வழக்கம்போல யாரையாவது நியமிக்கச் சுற்றுமுற்றும் பார்த்தார். நியமிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் தோன்றாததால் அவர் குனிந்து ஒரு மூலையைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் அதற்கு எடை இருக்கிறது என்பது தெரிந்தது. அதைப் பற்றி எத்தனையோ தீர்மானங்கள் எழுதியிருக்கிறார், தொட்டதில்லை. எதிர்மூலையைப் பூரணம் பிடித்தார். வாசலில் நின்றவர்கள் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். யாருக்கும் பதவி இல்லாததால் யாரும் மறுக்கவில்லை. தியாகராசா கூட ஒழுங்குப் பிரச்சினை ஏதும் எழுப்பாமல், மூச்சு வாங்கிக்கொண்டு ஆர்மோனியத்தின் ஒரு காலைத் தாங்கினார். பெஞ்சுகள், பாய்கள், பாட்டுப் புத்தகங்கள், எல்லாம் பத்தே நிமிஷத்தில் உயரத்துக்குப் போயின. குழு உட்கார்ந்திருந்த நாற்காலிகளை மட்டும் மரியாதை கருதி விட்டுவைத்தார்கள்.

விஸ்வலிங்கம் இடுப்புவரை நனைந்து நின்றார். உள்ளங்கை சிவந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தியாகராசா பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று போனால் சரபத் கடை மூடியிருந்தது.

மழை விட்டதும் கணவனும் மனைவியும் சிராங்கூன் ரோடு பக்கமாக நடந்தார்கள். "இண்டைக்கு நல்லாச் செய்தீங்கள்" என்றார் பூரணம். கலியாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இப்படி அவர் சொன்னதில்லை. விஸ்வலிங்கம் நாலு கடை தாண்டும்வரை மனசு நிறைந்துபோய் நடந்தார். ஐந்தாவது கடையில் நின்றார்.

"பூரணம், பதவி இல்லாத சனம் எவ்வளவு திறமா வேலை செய்யுது, பாத்தீரே? அவையளை இப்பிடிச் சும்மா விடக் கூடாது. ஒரு ஒழுங்குக்குள்ள கொண்டுவரோணும். பதவியில்லாதோர் குழு எண்டு ஒரு பதினொரு பேரை…"

பூரணம் தெருவைக் கடந்து போய்விட்டார்.

இவ்வளவுதான் விஸ்வலிங்கத்தின் கதை. வாசித்தீர்கள், நாலு இடத்தில் சிரித்தும் இருப்பீர்கள், சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாசித்துக்கொண்டு வரும்போதே, 'இதை நம்ம ஆட்களும் கேட்க வேண்டும்; ஒரு சனிக்கிழமை எல்லாரையும் கூட்டி, இன்னாரை வாசிக்கச் சொல்லி, இன்னாரை நன்றி சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்' என்று உங்கள் மனசுக்குள் ஒரு பட்டியல் ஓடியதா? ஓடியிருந்தால், அதில் உங்கள் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?

முதலாவதா? நினைத்தேன்.