ஊக்கு செய்த குற்றத்துக்கு அனிஷா ஏன் வேலையை விடணும்?

திண்டுக்கல்

ஆகப்போகும் சம்பந்தி பிரான்சிஸ் அவர்களுக்குக் கஸ்பார் எழுதும் மடல். ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் நலம். கன்னிவாடியில் தாங்களும் வியாகுலம்மாள் தங்கச்சியும் தென்னைகளும் நலமாயிருக்க மன்றாடுகிறோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "மெஷினைக் கெடுத்த உங்கள் மகள் வேலையை விட்டால்தான் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சம்மதிப்பேன்" என்று எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. வாசிக்க வேண்டாம்.

என் மக என்னத்தக் கெடுத்தா, சொல்லுங்க பாப்போம்? சூரியனுக்குக் கிட்டப் போகப்போற விண்கலத்துக்கு, அங்கன உள்ள காந்தப்புலத்தை அளக்குற கருவி செய்யுறாங்க பெங்களூர்ல. அதுல அனிஷாவும் ஒருத்தி. அந்தக் கருவிக்கு இரும்பு வாடையே ஆகாது. இது தெரியாம என் வீட்டுக்காரி டெய்சி, பிள்ளைக்குக் கண்ணு பட்டுறக் கூடாதுன்னு, மந்திரிச்ச, காசு அளவு அந்தோனியார் சுரூபத்தை ஊக்குல கோத்து அவ சுடிதார் உள்மடிப்புல குத்தி விட்டுட்டா. ஏன், உங்க மகன் சேவியர் பனியன்ல தங்கச்சி இப்படிக் குத்தலையா? அனிஷா கிட்டப் போனா கருவி காட்டுற அளவு எகிறுது, தள்ளி வந்தா அடங்குது. பெரிய பெரிய ஆளுகள்லாம் வயரை இழுத்துப் பாத்து, கழட்டி மாட்டி, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னிருக்காங்க. கடைசில இவதான் மடிப்பைத் தடவிப் பாத்து உண்மையைச் சொன்னா. சுரூபம் அலுமினியம், அது பாவம் ஒண்ணும் பண்ணல. ஊக்குதான் குற்றவாளி. அவங்க ஆபீஸ்லயே சிரிச்சுட்டு விட்டுட்டாங்க, உங்களுக்கு என்ன வந்துச்சு? காணாமப் போனதையெல்லாம் கண்டுபிடிச்சுத் தர்ற அந்தோனியாரையே கண்டுபிடிச்ச கருவிங்க அது! சூரியனை மட்டும் விட்டுருமா?

எவன்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டோம். அவ வேலையையும் விட மாட்டா. இந்தச் சம்பந்தம் இத்தோட அந்துச்சு. நிச்சயத்துக்கு நீங்க எடுத்த சின்னாளப்பட்டிச் சேலையை நாளைக்கே கொண்டாந்து வச்சுட்டு, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன்.

எல்லாம் வல்ல ஆண்டவர் உங்களையும் உங்க வறட்டுக் கௌரவத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
கஸ்பார்,
ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர்

பி.கு.: கவரை ஒட்டுறதுக்குள்ள உங்க மகன் சேவியர் போன் பண்ணிட்டான். உங்ககிட்டச் சொல்லாமப் பெட்டியோட பெங்களூர்ல போய் இறங்கிட்டானாம். "மாமா, அவ சூரியனைப் பாக்கட்டும், நான் இங்கயே ஒரு வேலையைப் பாத்துக்கிறேன். எங்கப்பாகிட்டச் சொல்லத்தான் பயமா இருக்கு, நீங்க சொல்லிருங்க"ங்கிறான். சொல்லிட்டேன், சம்பந்தி. ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கையில முன்வரிசைக்கு வந்துருங்க. மதியச் சாப்பாடு நம்ம வீட்டுலதான். ஆடா, கோழியான்னு டெய்சி கேக்குறா.