ஆஸ்பத்திரித் தராசு

என் கூடப் பிறந்தவளுக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நலமா என்று முதலில் கேட்பதுதான் மரியாதை, கேட்டாகிவிட்டது. நான் நலம் என்று எழுத வேண்டும், எழுதியாகிவிட்டது. இதற்குக் கீழே இருப்பதெல்லாம் உண்மை.

ஒன்பது வருஷம் நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். உன் நம்பரை நான் என் போனிலிருந்து எடுத்துவிட்டேன், அத்தனை எண்ணும் மனப்பாடமாகத் தெரியும் என்பது வேறு விஷயம். உன் குரலைக் கேட்டால் கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது கேட்டுவிடுவேன், அதனால்தான் காகிதம். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். நாலாவதில் என் சிலேட்டை உடைத்துவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றவள் நீ, அந்தச் சிலேட்டு இருந்திருந்தால் ஆறாவதும் படித்திருப்பேன். மாப்பிள்ளை இன்றைக்கு வேலைக்குப் போகிற வழியில் இதை உன் வீட்டில் கொடுப்பார். ஒட்டிக் கொடுத்துவிடுவேன். அவர் பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை, லிப்ட் மெக்கானிக், பிரிக்கச் சொன்னதை மட்டும்தான் பிரிப்பார்.

விஷயம் இதுதான். என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு இருபத்தாறு நாள். பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம் இருந்தாள், இப்போது அதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி, குழந்தைகள் வார்டு, ஆறாம் கட்டிலில் கிடக்கிறாள், குதிகாலில் பிளாஸ்திரி. மகள் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். "சித்தியைக் கூப்பிடும்மா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். ஆகவே எழுதுகிறேன்: நீ வராதே. ஏன் வரக்கூடாது என்று சொல்கிறேன், நின்றுகொண்டு படிக்காதே, உனக்கு முட்டி வலி.

பிறந்த மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, இடது பக்கம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வருகிறது, வலது பக்கம் சொட்டு. குழந்தை வலது பக்கம் வாயை வைத்து இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கும், ஏதோ நான் குடித்துவிட்ட மாதிரி. வருகிற கொஞ்சமும் நேராக வராது, காம்பின் பக்கவாட்டில் ஒரு பொடி ஓட்டை, அதன் வழியாகப் பீய்ச்சிக் குழந்தையின் காதுக்குள் போகும். காதில் பால் குடிக்கிற குழந்தையை இந்த வயதில்தான் பார்க்கிறேன். "என்னடி இது, பக்கத்துல ஓட்டை?" என்றேன். "எல்லாருக்கும் அப்படித்தாம்மா." "எனக்கு இல்லையே." "உனக்கு எதுதான் இருந்துச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தப் பேச்சை அவள் எங்கே கற்றாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்தாம் நாள் எடை பார்க்கப் போனோம். இரண்டு எழுநூற்றைம்பது. எடை போடுகிற நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள், பால் கொடுக்கச் சொல்லித் தருவதற்கென்றே இன்னொரு நர்ஸ் இருக்கிறாள், அவளிடம் அனுப்பினாள். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இங்க வளையம் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டாள். என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா சிஸ்டர், ஒன்பது வருஷம் முன்னாடி, ரெண்டு பக்கமும். வலது பக்கம் சீழ் வெச்சிடுச்சு, கழட்டிட்டேன்" என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வளையம்னா? கர்ட்டன்ல மாட்டுற வளையமா?" என்றேன். "அலங்காரத்துக்கும்மா" என்றாள் நர்ஸ். "சட்டைக்குள்ள யாருக்கு அலங்காரம்?" என்றேன். நர்ஸ் இருமினாள். அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் கூட வேலை பார்த்தவளோடு போய்க் குத்திக்கொண்டாளாம். நாள் முழுக்கக் காகிதத்தைக் குத்தித் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது போதவில்லை. வளையம் போட்ட பலருக்கு ஒன்றும் ஆகாதாம், இவளுக்குச் சீழ் வைத்து ஆறிய இடத்தில் உள்ளே பால் வருகிற வழிகள் தழும்பாகி அடைத்துவிட்டன, பயப்படாதீங்க, ஒரு பக்கம் அதிகமும் ஒரு பக்கம் கம்மியுமாகப் பல பேருக்கு இருக்கும், ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் கொடுங்க, அப்புறம் தினமும் மூணு வேளை புட்டிப் பால் சேர்த்துக் கொடுங்க, அடுத்த வாரம் வாங்க என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் கேட்டேன், "இது வேற யாருக்குத் தெரியும்?" "சித்திக்கு." இரண்டு ஸ்டாப் வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ஸ்டாப்பில் திறந்தேன், கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

ஒன்பது வருஷம் முன்னால் அவள் உன் வீட்டில் எட்டு நாள் தங்கினாள். உனக்குப் பிள்ளை இல்லை, என் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டாய் என்று நினைத்துத்தான் உன்னோடு பேச்சை நிறுத்தினேன். இப்போது தெரிகிறது, எட்டு நாளும் நீ சீழ் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாய், மருந்து போட்டிருக்கிறாய், என்னிடம் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். நான் உன்னைப் பேசாத பேச்சையெல்லாம் பேசியபோதுகூட வாயைத் திறக்கவில்லை. இதை நல்ல குணம் என்று சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். பெற்றவள் நான் இருக்கிறேன், என்னிடம் அல்லவா வந்திருக்க வேண்டும்? இதை மகளிடமும் கேட்டேன். "உங்கிட்டதாம்மா முதல்ல வந்தேன்" என்றாள். வரவில்லை. என் ஞாபகத்தைப் பற்றி உனக்குத் தெரியும். எந்தக் கிழமையில் யார் என்ன சொன்னார்கள் என்று நான் சொன்னால் சொன்னதுதான்.

அப்புறம் கேள். மாப்பிள்ளை ஒரு பால் எடுக்கிற மெஷின் கொண்டுவந்தார். அது போடுகிற சத்தம் எனக்குப் போதாது போதாது என்று கேட்கும். இடது அறுபது மில்லி, வலது எட்டு மில்லி என்று பிரிட்ஜ் கதவில் காகிதம் ஒட்டி எழுதினார். மகள் அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அவர், "இதுக்கு ஏன் அழுவுற, ஒரு லைன் அடைச்சிருக்கு, இன்னொரு லைன் நல்லா ஓடுது. ரெண்டு லிப்ட்ல ஒண்ணு ஓடினாலும் கட்டடத்துல ஆள் ஏறி இறங்கிக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றார். நல்ல மனுஷன்தான், எப்போது பேச வேண்டும் என்றுதான் தெரியாது. புட்டி கொடுக்கும்போதெல்லாம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், திருடுகிறவள் மாதிரி. "அம்மா, என் உடம்பு எனக்கே வேலை செய்யலம்மா" என்றாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன்.

பதினேழாம் நாள் குளிராக இருந்தது, கூட்டம். நர்ஸ் துணியோடு எடை போட்டாள், துணிக்கு ஐம்பது கிராம் கழித்துக்கொண்டாள். மூன்று கிலோ! நர்ஸே கை தட்டினாள். "உங்க பாலே போதும்மா, புட்டியை நிறுத்திடுங்க" என்றாள். என் மகள் சிரித்தாள். பிரசவத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜ் காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். அந்த வாரம் முழுக்கக் குழந்தை அழுதது, குடித்தது, அழுதது, தூங்கியது. ஆறாம் நாள் அழக்கூட இல்லை, சமத்தாகிவிட்டாள் என்றார் மாப்பிள்ளை.

இருபத்துநாலாம் நாள் வேறு நர்ஸ். குழந்தையைத் துணி ஒன்று விடாமல் உரித்துத் தராசில் போட்டாள். இரண்டு எழுநூற்று நாற்பது. மறுபடி போட்டாள், அதேதான். டாக்டர் வந்தார். ஒரே வாரத்தில் இருநூற்று அறுபது கிராம் எங்கே போனது என்கிறார், உள்ளே ஏதோ கோளாறு, இருதயமா சிறுநீரகமா பார்க்க வேண்டும், படுக்க வையுங்கள் என்கிறார். குதிகாலில் இரண்டு தடவை ரத்தம் எடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறதாம், சரியாக இருப்பதால் இன்னும் பயமாக இருக்கிறதாம். நான் சொன்னேன், டாக்டர், முப்பது வருஷம் பழைய இரும்புக் கடையில் தராசு பிடித்தவள் நான், உங்கள் தராசு பொய் சொல்கிறது. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வயதானவர்களுக்கு ஆட்டுகிற மாதிரி.

இப்போது மகள் என்ன செய்கிறாள் தெரியுமா? பாலே கொடுக்கமாட்டேன் என்கிறாள். "அன்னைக்குச் சீழ் வெச்சது உள்ளயே இருக்கும்மா, என் பால்ல ஏதோ இருக்கு, நான்தான் அவளைக் கெடுக்கிறேன்" என்கிறாள். இடது பக்கம் இரும்பு மாதிரி கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்கிறது, மெஷினில் எடுத்து வார்டு வாஷ்பேசினில் ஊற்றுகிறாள். நல்ல பால். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். குழந்தை புட்டியில் குடிக்கிறது, தலையைத் திருப்பித் திருப்பி அவளைத் தேடுகிறது. இத்தனைக்கும் காரணம் யார்? அன்றைக்கு நீ ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நல்ல ஆஸ்பத்திரியில் காட்டியிருப்பேன், வலது பக்கம் அடைத்திருக்காது, எடையும் இல்லை, தராசும் இல்லை. ஆகவே வராதே. வந்தாலும் மூன்று மாடி, லிப்ட் கெட்டுக் கிடக்கிறது, உன் முட்டிக்கு ஆகாது.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். நீ நன்றாக இரு, உன் முட்டியும் நன்றாக இருக்கட்டும், முழுசாக இல்லாவிட்டாலும் நடக்கிற அளவுக்கு. உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை என்றாலும் என் ஆசீர்வாதம் உண்டு, வயதில் மூத்தவள், வேறு வழியில்லை.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: ஒட்டினதைப் பிரித்து எழுதுகிறேன். தராசு சரியாகத்தான் இருக்கிறது. பதினேழாம் நாள் குழந்தையைச் சுற்றின துணிக்குள், முதுகுப் பக்கம், நான் கடையை விட்டு வரும்போது எடுத்து வந்த இருநூறு கிராம் எடைக்கல்லை வைத்தேன். சில்லென்று இருக்குமே என்று பஸ்ஸில் வழியெல்லாம் கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்தேன். குழந்தை அசையவே இல்லை. எடை ஏறினால் மகளை உதடு பிதுக்கிப் பார்க்கமாட்டார்கள், அவ்வளவுதான் நினைத்தேன். புட்டியை நிறுத்தச் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை. சொன்னபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் என்னிடம் வரவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், அதையும் அடித்துவிடு. வந்தாள். ஒன்பது வருஷம் முன்னால், உன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, செவ்வாய்க்கிழமை. கேட்காமல் முடியை வெட்டிக்கொண்டாள் என்று அவளோடு பேசாமல் இருந்தேன், பேச்சை நிறுத்தி அன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று "அம்மா, வலிக்குது" என்றாள். நான் திரும்பாமலே, "போ, உன் சித்திகிட்ட போய்ச் சொல்லு" என்றேன். போனாள்.

நாளைக்குக் காலை பத்து மணிக்குக் குழந்தைக்கு மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அதற்குள் வா. கல்லை இந்தக் கவரோடு துணியில் சுற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன், மறக்காமல் எடுத்து வா, டாக்டர் நம்பவேண்டும். நீ ஆரம்பி, மீதியை நான் சொல்கிறேன், எனக்குத் தனியாக வாய் வரவில்லை. ஒன்பது மணியிலிருந்து கீழே நிற்பேன். லிப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது.