சிங்கம் விட்ட கொட்டாவி

கஷ்டம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள். எனக்கு அதற்கும் வழியில்லை. கஷ்டமே பல்லில்தான்.

மூன்று வாரமாக இடது கடைவாய் விண் விண்ணென்று தெறிக்கிறது. ஆனாலும் மகத்தான முடிவு ஒன்று எடுத்திருந்தேன். செத்தாலும் பல் டாக்டரிடம் போவதில்லை. பயம்தான், மறைப்பானேன்? அந்த நாற்காலியை நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. பல்லைப் பிடுங்கிவிட்டால் பாடும்போது காற்றுதானே வரும்! நானோ பாட்டுக் கட்டிப் பாடிப் பிழைப்பவன். சனிக்கிழமைதோறும் நூலக மண்டபத்தில் குழந்தைகளையும் பெற்றவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் கிட்டார் வாசித்துப் பாடுகிறேன். ஒரு வரி கொடுத்தால் கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். கூட்டத்தில் யார் எதைக் கேட்டாலும் மறுக்காமல் நான் முதலில் செய்து காட்ட வேண்டும். நானே போட்ட விதி.

"சனிக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் கேக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"அன்னைக்குக் கச்சேரியாச்சே!"

"அப்ப திங்கட்கிழமை?"

"புதுப் பாட்டு கட்டணும்."

"செவ்வாய்?"

"தொண்டைக்கு ஓய்வு."

"பல்லுக்கு?"

"பல்லா? அது போன வாரமே சரியாயிடுச்சே!"

"சரிங்க."

அவள் இவ்வளவு சுலபமாகச் 'சரி' சொன்னால் ஏதோ திட்டம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பல்லும் விடவில்லை.

சனிக்கிழமை காட்டு மிருகப் பாட்டு. யானை வந்தது, குரங்கு வந்தது. மூன்றாவது வரிசையில் மனைவி கை தூக்கினாள்.

"சிங்கம் கொட்டாவி விடணும்!"

விதியாயிற்றே. திறந்தேன்.

"இன்னும் பெருசா!" என்றார், முன்வரிசையில் மகளை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள். கண் கொட்டாமல் என்னையே பார்த்தார். ரசிகை! உச்சி குளிர்ந்து, வாயைக் காதுவரை திறந்தேன்.

"சிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பணும்!" என்றாள் மனைவி.

வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பினேன். நாற்பது குழந்தைகளும் திரும்பி வாயைப் பிளந்தன.

அந்த அம்மாள் எழுந்து என் மனைவியிடம் சொன்னார்: "நீங்க சொன்னது சரிதாம்மா. இடது பக்கம், கடைசிப் பல்லு. எடுத்துத்தான் ஆகணும்."

திறந்த வாயைச் சட்டென்று மூடினேன். "நீங்க யாரும்மா?"

"பல் டாக்டர். உங்க வீட்டம்மாதான் பாட்டு கேக்கக் கூப்பிட்டாங்க." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "திங்கட்கிழமை காலையில பத்து மணி!" என்றார்.

"திங்கட்கிழமை காலையில பத்து மணி!" என்று மண்டபமே ராகம் போட்டுத் திருப்பிப் பாடியது. மூன்று தடவை.

பழக்கதோஷம். கிட்டார் வாசித்தது நான்தான்.